மழைப் பாட்டில் ஆர்கன் வாசித்தவர்: மைக் ஃபினிகன்

வாசகர் கேள்வி, 2023 நவம்பர் 4

ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ இரட்டை இசைத்தட்டில் ஆர்கன் கேட்கும் இடமெல்லாம் ஸ்டீவ் வின்வுட் வாசித்ததுதான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். மழைப் பாட்டுகள் இரண்டிலும் அவர்தானா? வேறொருவர் என்றால் அவர் பிறகு என்ன ஆனார்?

2023 நவம்பர் 4, இரவு

வின்வுட் அல்லர். அவர் வாசித்தது ‘வூடூ சைல்’ என்னும் பதினைந்து நிமிடப் பாட்டில். 1968 மே மாதம் 2ஆம் தேதி, நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவானது. நீங்கள் கேட்கும் ‘ரெய்னி டே, ட்ரீம் அவே’, ‘ஸ்டில் ரெய்னிங், ஸ்டில் ட்ரீமிங்’ ஆகிய இரண்டும் அதே கூடத்தில் அதே ஆண்டு ஜூன் 10 அன்று பதிவானவை. அவற்றில் ஆர்கன் வாசித்தவர் மைக் ஃபினிகன். அப்போது அவருக்கு வயது 23. மேற்கொண்டு ஒரு தகவல்: அதே தட்டில் ‘லாங் ஹாட் சம்மர் நைட்’ பாட்டில் பியானோ வாசித்தவர் அல் கூப்பர். ஆக, விருந்தினராக வந்து ஆர்கன், பியானோக் கட்டைகளின் முன் அமர்ந்தவர்கள் மூவர்.

உங்கள் நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒருவர் பதிவு செய்து கொடுத்த ஒலிநாடா. அதில் பாட்டுகளின் பெயர்கள் மட்டும் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. வாசித்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. வின்வுட் அந்தத் தட்டில் இருக்கிறார் என்று எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு எல்லா ஆர்கனையும் அவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

2023 நவம்பர் 5

ஃபினிகன் அங்கே எப்படி வந்தார் என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். ஓஹையோ மாநிலத்தின் டிராய் என்னும் ஊரில் 1945இல் பிறந்தவர். கூடைப்பந்து ஆட்டத்துக்காகக் கிடைத்த உதவித்தொகையில் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தை விட்டுவிட்டு இசையைப் பிடித்துக்கொண்டார். கேன்சஸில் ‘தி செர்ஃப்ஸ்’ என்னும் குழுவில் ஆர்கன் வாசித்துப் பாடினார். அந்தக் குழுவின் தட்டைத் தயாரிக்க ஒப்புக்கொண்டவர் டாம் வில்சன். அதற்காக ரெக்கார்ட் பிளான்டுக்கு வந்திருந்தபோது ஹென்ட்ரிக்ஸ் அங்கே தம் தட்டுக்கான வேலையில் இருந்தார். செர்ஃப்ஸ் குழுவிலிருந்து மூவரை அவர் தம் பதிவுக்கு அழைத்தார்: ஆர்கனுக்கு ஃபினிகன், டெனர் சாக்ஸபோனுக்கு ஃபிரெடி ஸ்மித், காங்கா மேளத்துக்கு லாரி ஃபாசெட். டிரம்ஸ் வாசித்தவர் பட்டி மைல்ஸ்.

டாம் வில்சன் என்ற பெயரை நினைவில் வையுங்கள். அவரிடம் திரும்பி வருவேன்.

2023 நவம்பர் 9

ஃபினிகன் பின்னாளில் பேட்டிகளில் பலமுறை சொன்ன செய்தி இது. பதிவு தொடங்குமுன் ஹென்ட்ரிக்ஸ் கொடுத்த விளக்கம் மிகச் சுருக்கமானது. டி சுருதியில் மெதுவான ஷஃபிள், அதாவது துள்ளும் தாளநடை. நீ ஜிம்மி ஸ்மித்தைப் போல வாசி, நான் கென்னி பரலைப் போல வாசிக்கிறேன் என்பதே அது. எழுதிய இசைக்குறிப்பு இல்லை, ஒத்திகை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இரண்டு பெயர்களே போதுமாக இருந்தன.

ஏன் போதுமாக இருந்தன என்பதை விளங்கிக்கொள்ள 1960 ஏப்ரல் 25க்குப் போக வேண்டும். அன்று நியூஜெர்சியில் இங்கில்வுட் கிளிஃப்ஸில் உள்ள வான் கெல்டர் கூடத்தில் ஜிம்மி ஸ்மித் ஹேமண்ட் ஆர்கன் வாசித்தார். கென்னி பரல் கிட்டார், ஸ்டான்லி டரன்டைன் டெனர் சாக்ஸபோன், டொனால்ட் பெய்லி டிரம்ஸ். ‘மிட்நைட் ஸ்பெஷல்’, ‘பேக் அட் தி சிக்கன் ஷேக்’ ஆகிய இரண்டு தட்டுகளுக்கும் பாட்டுகள் தந்த நாள் அது. அந்தக் கூட்டத்தில் பேஸ் வாசிப்பவர் கிடையாது. அடித்தளச் சுரங்களை ஆர்கன்காரரே பார்த்துக்கொள்வார். கிட்டாரும் ஆர்கனும் ஒன்று பேச, மற்றது கேட்டு, பிறகு பதில் சொல்லும்.

இப்போது மழைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன், கிட்டார், டெனர் சாக்ஸபோன், டிரம்ஸ், கூடவே காங்கா. பேஸ் கிட்டார் வாசித்ததாக எவர் பெயரும் குறிப்பிடப்படவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கூட்டமைப்பை ஹென்ட்ரிக்ஸ் அப்படியே எடுத்து ராக் தட்டுக்குள் வைத்திருக்கிறார். கேன்சஸிலிருந்து வந்த இருபத்து மூன்று வயது இளைஞர் அந்த இரண்டு பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் தம் இடது கைக்கும் வலது கைக்கும் என்ன வேலை என்று தெரிந்துகொண்டார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை இரவுகள் அந்தத் தட்டுகளோடு கழிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அடித்தளச் சுரங்களை அவர் காலால் பெடலில் வாசிக்கிறார். கைகள் இரண்டும் மேலே பேச்சில் இருக்கின்றன.

2023 நவம்பர் 10

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும். காதொலிப்பானில் நான்கு முறை கேட்டேன். ‘காலால் வாசிக்கிறார்’ என்று நான் எழுதியது அவசரம். ஜிம்மி ஸ்மித் வழியில் வாசிப்பவர்கள் நடக்கும் பேஸ் சுரங்களை இடது கையால் கீழ்க்கட்டைகளில் வாசிப்பார்கள். காலால் பெடலை லேசாகத் தட்டுவது அந்தச் சுரத்துக்கு ஓர் அழுத்தம் கொடுப்பதற்காகவே. தேவாலய இசை பயின்றவர்கள் காலால் முழு வரியையும் வாசிப்பார்கள். அது வேறு பள்ளி. மழைப் பாட்டில் என் காதுக்கு இடது கைதான் கேட்கிறது. ஒவ்வொரு சுரமும் தொடங்கும்போது கட்டையின் ‘டிக்’ ஒலி அதில் இருக்கிறது. பெடலிலிருந்து வரும் சுரம் அதைவிட மழுங்கியே வரும்.

2023 நவம்பர் 18

ஹேமண்ட் ஆர்கனைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காக இது. நம்மில் பலருக்கு ஆர்கன் என்றால் மின்னணுக் கீபோர்டில் ஒரு பொத்தான்.

வேலை நிமித்தமாக நான் நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தபோது, குடியிருப்புக்கு அருகிலிருந்த சிறிய தேவாலயம் ஒன்றில் பி-3 வகை ஹேமண்ட் இருந்தது. அங்கே வாசித்த வயதான அம்மையார், நான் ஊரில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் என்று அறிந்து, ஒரு சனிக்கிழமை மாலை என்னை அமரச் சொன்னார். நான் முதலில் செய்தது மின்பொத்தானைத் தேடியது. அதில் இரண்டு விசைகள் இருந்தன. அம்மையார் முதல் விசையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணினார். உள்ளே ஏதோ உருளத் தொடங்கும் ஓசை எழுந்து மெல்ல உயர்ந்தது. பிறகு அதை விடாமல் இரண்டாவது விசையையும் தள்ளி நான்கு எண்ணினார். பின்னர்தான் முதல் விசையை விட்டார். மேலும் சற்று நேரம் வால்வுகள் சூடேறக் காத்திருந்தோம். பிறகு ஒரு கட்டையை அழுத்தினேன்.

நான் கேட்ட ஒலியை இன்னும் மறக்கவில்லை. சுரத்துக்கு முன்பாக ஒரு சின்னச் சொடுக்கு, பிறகு சுரம், அதைத் தொடர்ந்து அறையின் மூலையிலிருந்த மரப்பெட்டிக்குள் எதுவோ சுழன்று காற்றையே திருப்புவது போன்ற அசைவு.

அந்த உருளும் ஓசை ஒரு மோட்டாருடையது. உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் அதனால் சுழல்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் மேடுபள்ளங்கள். அருகில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். சக்கரம் சுழலும்போது பிறக்கும் மின்னலைதான் சுரம். கட்டைக்கு மேலே வரிசையாக ஒன்பது இழுவைத் தண்டுகள் உள்ளன, டிராபார் என்பார்கள். எதை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ, அந்த அளவுக்கு அதற்குரிய மேற்சுரம் கலக்கும். ஒரு கட்டையை அழுத்தினால் கீழே ஒன்பது தொடர்புக் கம்பிகள் மூடிக்கொள்ளும். அவை ஒரே கணத்தில் மூடாததால்தான் அந்தச் சொடுக்கு. அதை வடிவமைத்தவர்கள் பழுதாக எண்ணி ஒழிக்கப் பார்த்தார்கள். ஜாஸ், புளூஸ் வாசிப்பவர்களோ அதைத் தாளக் கருவியாக்கிக்கொண்டார்கள்.

மூலையிலிருந்த மரப்பெட்டி லெஸ்லி ஒலிபெருக்கி. மேலே ஒரு கொம்பு சுழலும், கீழே ஓர் உருளை சுழலும். மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு நிலைகள். விசையைத் தட்டியதும் இலேசான கொம்பு உடனே வேகம் பிடிக்கும். கனமான உருளை பின்தங்கி வந்து சேரும். அந்த இடைவெளியில் ஒலி கிழிந்து மீண்டும் ஒட்டுவதுபோல் இருக்கும். நல்ல ஆர்கன்காரர் அந்த விசையை எந்தச் சொல்லின் முடிவில் தட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். அதைத் தட்டத் தெரியாதவர் பாட்டு முழுவதும் சுழலவிட்டுக்கொண்டே இருப்பார்.

2023 நவம்பர் 19

டாம் வில்சனிடம் வருகிறேன், ஏனெனில் அந்த இரண்டு விசைகள் ஒருவருடைய வாழ்க்கையையே தீர்மானித்தன.

1965 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் கூடத்தில் பாப் டிலன் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். தயாரிப்பாளர் வில்சன். இருபத்தொரு வயது அல் கூப்பர் வேடிக்கை பார்க்க அழைக்கப்பட்டவர். கிட்டார் வாசிக்கும் ஆசையோடு போனார். மைக் புளூம்ஃபீல்ட் வந்து கிட்டாரைத் தொட்டதும் தம் கிட்டாரை எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஆர்கனில் இருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாற்றப்பட்டபோது, காலியான அந்த இருக்கையில் கூப்பர் போய் அமர்ந்துகொண்டார். அவருக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. அதை இயக்கத் தொடங்கும் முறையும் தெரியாது. கிரிஃபின் அணைக்காமல் எழுந்து போனதால்தான் தம்மால் வாசிக்க முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எந்த இசைவுக்கு மாறுகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கணநேரம் கழித்துக் கட்டையை அழுத்தினார். அந்தத் தாமதமே பாட்டின் அடையாளமாயிற்று. வில்சன் அவரை ஆர்கன்காரராகவே கருதவில்லை; டிலன்தான் ஆர்கனின் ஒலியைக் கூட்டச் சொன்னார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே வில்சன் கேன்சஸிலிருந்து ஒரு குழுவை நியூயார்க்குக்கு வரவழைக்கிறார். அதில் ஃபினிகன் இருக்கிறார். கூப்பர் தெரியாமல் நுழைந்தவர். ஃபினிகன் தெரிந்து வந்தவர். ராக் இசையில் ஆர்கனுக்குக் கிடைத்த மிகப் புகழ்பெற்ற இரண்டு வாய்ப்புகளின் வாசலிலும் ஒரே தயாரிப்பாளர் நிற்கிறார். அவர் இருவரையும் அந்தக் கட்டைகளுக்கு முன் அமரச் சொன்னவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூப்பர் தாமாக அமர்ந்தார். ஃபினிகனை அழைத்தவர் ஹென்ட்ரிக்ஸ்.

2023 டிசம்பர் 2

வலது காலைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

பியானோக் கட்டையை ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஒலிக்கும். ஹேமண்டில் அப்படியில்லை, மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே ஒலிதான். ஒலியின் ஏற்றத்தாழ்வு முழுவதும் வலது காலின் கீழே இருக்கும் மிதிபலகையில் இருக்கிறது. ஆகவே ஆர்கன்காரருடைய மூச்சு அவருடைய பாதத்தில் இருக்கிறது என்று நான் சொல்வேன். ஃபினிகன் மேடையில் வாசிக்கும் காணொளிகள் கிடைக்கின்றன. எல்லோரும் கைகளைப் பார்ப்பார்கள்; ஒருமுறை கால் தெரியும் கோணத்தைத் தேடிப் பாருங்கள். பாடகர் ஒரு வரியைத் தொடங்குமுன் பலகையின் மேல் பாதம் தளர்ந்து ஒலி தாழ்கிறது. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் ஆர்கன் எழும்பி அந்த இடைவெளியை நிரப்பிவிட்டு, அடுத்த சொல் வருமுன் மறுபடி அடங்கிவிடுகிறது. கை கட்டையை விட்டு எழவே இல்லை.

‘அடக்கி வாசி’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதன் நேர்ப்பொருளை எனக்குப் புரிய வைத்தது அந்தக் கால்தான். மெல்லிசைக் குழுவில் இருந்த காலத்தில் நான் கீபோர்டில் ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டு பல்லவி, சரணம் எல்லாவற்றையும் நிறைத்துத் தள்ளுவேன். ஒரு திருமண வரவேற்பில் மூத்த பாடகர் ஒருவர் பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, “தம்பி, நான் பாட எங்கே இடம் விட்டீங்க?” என்று கேட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. நான் வாசித்த சுரங்களில் ஒன்றுகூடப் பிழையில்லை என்று வீடு வரும் வரையில் மனத்துக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டது பிழையைப் பற்றியே இல்லை என்று தெரிய எனக்குப் பத்தாண்டுகள் ஆயின.

2023 டிசம்பர் 3

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் தனியாக வாசிக்கும் இடத்தில் ஃபினிகன் எப்படி என்று கேட்கிறார். ‘ஸ்டில் ரெய்னிங்’ கேளுங்கள். அங்கே கிட்டார் வா-வா மிதிபலகையின் வழியாக மனிதக்குரல் போலப் பேசுகிறது; ஆர்கன் அதற்கு ஈடுகொடுக்கிறது. பக்கவாத்தியக்காரர் தனி வாசிக்கும்போது தெரியும் சுகம் அது. இவ்வளவும் கைவசம் வைத்துக்கொண்டா இத்தனை நேரம் அடங்கியிருந்தார் என்று தோன்றும்.

2023 டிசம்பர் 16

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன்: பிறகு அவர் என்ன ஆனார்?

செர்ஃப்ஸ் தட்டு ‘எர்லி பேர்ட் கஃபே’ 1969இல் வெளிவந்தது, பெரிதாக எடுபடவில்லை. அடுத்து ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜெர்ரி ஹானுடன் ‘ஜெர்ரி ஹான் பிரதர்ஹுட்’ குழு. கொலம்பியா நிறுவனம் 1970இல் அவர்களுடைய ஒரே தட்டை வெளியிட்டது. அதில் ஃபினிகன் பாடகரும்கூட. ஆர்கனுக்காக அவரைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தட்டில் அவருடைய குரலைக் கேட்டு நின்றுவிடுவார்கள். பெரிய, கரகரப்பான, தேவாலயத்தின் பின்வரிசை வரை எட்டும் குரல். 1972இல் ஜெர்ரி வுட் என்பவருடன் ‘கிரேஸ்ட் ஹிப்ஸ்டர்ஸ்’ தட்டு.

பிறகு கிட்டார் கலைஞரும் பாடகருமான டேவ் மேசனின் குழு. 1976இல் வந்த ‘சர்ட்டிஃபைட் லைவ்’ மேடைப்பதிவைக் கேட்டால் ஃபினிகன் என்ன வேலை செய்தார் என்பது துல்லியமாக விளங்கும். கிட்டார் நீண்டு போகும் இடங்களில் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். சேர்ந்து பாடும் இடங்களில் மேற்குரலும் அவரே.

அந்த மேற்குரல்தான் அவரைக் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரிடம் நிலைக்க வைத்தது. அவர்களுடைய 1982ஆம் ஆண்டுத் தட்டு ‘டேலைட் அகெய்ன்’. அதன் பெரும்பகுதி பதிவானபோது டேவிட் கிராஸ்பி போதைப்பழக்கத்தால் கூடத்துக்கு வரும் நிலையில் இல்லை. மூன்று குரல்களின் கூட்டால் பெயர்பெற்ற குழுவுக்கு மூன்றாவது குரல் இல்லை. ஆர்ட் கார்ஃபன்கல், டிமதி ஷ்மிட் ஆகியோரோடு ஃபினிகனும் அந்தத் தட்டில் குரல் கொடுத்தார், கட்டைகளும் வாசித்தார். பாட்டைக் கேட்பவர் மூவர் பாடுவதாகவே எண்ணுவார். தம் குரல் தனியே தெரியாதபடி இன்னொருவருடைய குரலின் இடத்தில் பாடுவது எளிதன்று. அதை மேடையிலும் பல ஆண்டுகள் அவர்களுடன் செய்தார்.

2023 டிசம்பர் 17

“இவ்வளவு திறமை இருந்தும் தனியாக நிற்க முடியாமல் போனவர்” என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தனியாக நின்றும் பார்த்தார்: 1976இல் வார்னர் நிறுவனத்தில் ஒரு தட்டு, 1978இல் கொலம்பியாவில் ‘பிளாக் அண்ட் ஒய்ட்’. விற்பனையில் இரண்டும் அவரைத் தூக்கிவிடவில்லை.

இதே கருத்தை நானே முன்பு வைத்திருந்தேன். வேறோர் இடத்தில் அவரைப் பற்றி எழுதியபோது ‘மறக்கப்பட்ட மேதை’ என்று குறித்தேன். இன்று அந்தச் சொல்லை எடுத்துவிடுவேன். யார் மறந்தார்கள்? ஹென்ட்ரிக்ஸ் அழைத்தார், மேசன் அழைத்தார், ஸ்டில்ஸ் அழைத்தார், பாடகர்கள் எட்டா ஜேம்ஸும் ஜோ காக்கரும், டாஜ் மஹால் என்னும் புளூஸ் பாடகரும், பாடகி பானி ரைட்டும் அழைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் அவருடைய தொலைபேசி ஓய்ந்திருந்த காலம் என்று எனக்கு எதுவும் தென்படவில்லை. தட்டின் முகப்பைப் பார்க்கும் நமக்குத்தான் அவரைத் தெரியவில்லை, வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. கச்சேரியில் மிருதங்கக்காரரைத் தோற்றுப்போன பாடகர் என்று நாம் எண்ணுவதில்லை. அந்த மரியாதையை ஹேமண்டுக்கு முன்னால் அமர்ந்தவருக்கும் கொடுக்கலாம்.

2024 ஜனவரி 6

கூலி பற்றிக் கேட்கிறார்கள். செஷன் கலைஞர் என்பவர் வந்து வாசித்த நேரத்துக்கு ஊதியம் பெறுபவர். பாட்டு எத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தாலும் பாடலாசிரியருக்கும் மெட்டமைத்தவருக்கும் வரும் உரிமைத்தொகை அவருக்குப் பொதுவாக வருவதில்லை. ஆர்கன்காரர்களுக்கு இதில் தனி வருத்தம் உண்டு, ஏனெனில் பல பாட்டுகளில் மக்கள் முணுமுணுப்பது அவர்கள் இட்ட வரியைத்தான்.

இதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 1967இல் வந்த ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டின் ஆர்கன் வரியை அமைத்து வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். அவர் செஷன் கலைஞர் அல்லர், புரோகால் ஹாரம் குழுவின் உறுப்பினர். ஆனாலும் பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நெடுங்காலம் கழித்து இலண்டனில் வழக்குத் தொடுத்தார். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இசையில் 40 விழுக்காடு அவருக்கு உரியது என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரும் ஆக்கியோரே என்பதை ஏற்றுக்கொண்டு, தாமதமாக வந்ததால் பணம் கிடையாது என்றது. 2009 ஜூலையில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் ஐவரும் ஃபிஷர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆர்கன் வரி, பாட்டின் பகுதி என்று சட்டப்படி நிலைநாட்டப்பட்டது. இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். வீட்டில் என் மனைவியிடம் ஒரு மணிநேரம் சொன்னேன்.

2024 ஜனவரி 20

அமெரிக்காவிலிருந்து பழைய ஹேமண்டைச் சென்னைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: பெடலும் இருக்கையும் சேர்ந்து சுமார் 190 கிலோ எடை. அதைவிடப் பெரிய தடை மின்சாரம். அந்த மோட்டார் மின்னோட்டத்தின் அலைவெண்ணோடு பூட்டிக்கொண்டு சுழல்வது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்னழுத்தத்தை மட்டும் மாற்றிக்கொடுத்தால் சக்கரங்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 440இல் ஒலிக்க வேண்டிய சுரம் 367க்கு அருகில் ஒலிக்கும். ஒட்டுமொத்தமாக மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று மேலாகவே இறங்கிவிடும். அலைவெண்ணை மாற்றும் கருவியும் வேண்டும்.

2024 பிப்ரவரி 11

அவருடைய பிற்காலத்தை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை, ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த ஃபினிகன் அந்தக் காலத்தவர்.

டாஜ் மஹாலுக்குப் பின்னணியாக அமைந்தது ‘ஃபான்டம் புளூஸ் பேண்ட்’. டோனி பிரவுனகல் டிரம்ஸ், லாரி ஃபுல்ச்சர் பேஸ், ஜானி லீ ஷெல் கிட்டார், ஜோ சப்லெட் சாக்ஸபோன், டேரல் லெனர்ட் டிரம்பெட். எல்லோரும் ஃபினிகனைப் போலவே பிறருக்கு வாசித்துத் தேர்ந்தவர்கள். 1997இல் வந்த ‘சென்யோர் புளூஸ்’, 2000இல் வந்த ‘ஷவுட்டின் இன் கீ’ ஆகிய இரண்டு தட்டுகளும் சமகால புளூஸ் பிரிவில் கிராமி விருது பெற்றன. பிறகு அந்தக் குழு தன் பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டது. அவற்றில் ஃபினிகன் மறுபடி முன்னால் வந்து பாடினார். முப்பது வயதில் தனித்தட்டில் கிடைக்காத இடம் அறுபது வயதில், பக்கவாத்தியக்காரர்கள் கூடிய குழுவில் கிடைத்தது. இந்த வயதில் அவருடைய குரலில் அவசரம் போய்விட்டிருந்தது. ஒரு வரியைப் பாடிவிட்டு ஆர்கனில் அதற்குத் தாமே பதில் வாசிக்கும்போது, பாடுகிறவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருந்தது.

பானி ரைட்டின் 2012ஆம் ஆண்டுத் தட்டு ‘ஸ்லிப்ஸ்ட்ரீம்’, 2016ஆம் ஆண்டுத் தட்டு ‘டிக் இன் டீப்’ இரண்டிலும் அவருடைய ஆர்கன் இருக்கிறது. ரைட்டின் குழுவோடு ஊர் ஊராகவும் போனார். 2021 ஆகஸ்ட் 11 அன்று, 76ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.

2024 மார்ச் 3

கேள்வி கேட்ட வாசகர் தம் நண்பரிடம் இந்தக் குறிப்புகளைக் காட்டியதாகவும், நண்பர் இப்போது மழைப் பாட்டு ஏன் இரண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறார்.

ஒரே வாசிப்பை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் துண்டு மூன்றாம் பக்கத்தின் தொடக்கம். அது மங்கி மறைகிறது. தட்டைத் திருப்பி நான்காம் பக்கத்தில் முள்ளை வைத்தால் மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. என் பழைய ஒலிநாடாவில் இடம் போதாமல் இரண்டாம் துண்டு வேறொரு நாடாவில் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே மூச்சில் வாசித்தவை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

சென்ற வாரம் இரண்டையும் கணினியில் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். முதல் துண்டின் கடைசி நொடிகளில் ஒலி மங்குவதை முடிந்தவரை கூட்டி, இரண்டாவதின் தொடக்கத்தோடு பொருத்தினேன். தாளம் சரியாக அமர ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. அமர்ந்த பிறகு கிட்டாரை விட்டுவிட்டு ஆர்கனை மட்டும் பின்தொடர்ந்தேன். ஒட்டிய இடத்தில் கிட்டாரின் குரல் மாறுகிறது, சாக்ஸபோன் ஒதுங்குகிறது. ஆர்கன் மட்டும் அதே அளவில், அதே இடத்தில், காலை அழுத்தாமல் நடந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.